நீண்டகால இயலாமைக் காப்பீடு: கோரிக்கை மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டை எப்படித் தயாரிப்பது

அமெரிக்காவில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பலருக்கு, சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட படிவங்களுக்கு நடுவே ‘லாங் டெர்ம் டிசபிலிட்டி’ என்று ஒரு வரி இருந்ததே மறந்துபோயிருக்கும். நோயோ விபத்தோ மாதக்கணக்கில் வேலையிலிருந்து விலக்கி வைக்கும்போதுதான், எல்.டி.டி. என்று சுருக்கி அழைக்கப்படும் அந்த நீண்டகால இயலாமைக் காப்பீடு நினைவுக்கு வருகிறது. பாலிசியை முழுதாகப் படிப்பதோ, பெரும்பாலும், பணம் தர முடியாது என்ற கடிதம் வந்த பிறகுதான். அந்தக் கடிதம் வராமல் தடுக்க என்ன செய்யலாம், வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வேலையின் வழியாகக் கிடைக்கும் பாலிசிகளில், விவகாரம் நீதிமன்றம் வரை போனாலும், நீதிபதி பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் வைத்திருக்கும் கோப்பை மட்டுமே படித்துத் தீர்ப்பளிப்பார். நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறி உங்கள் நிலையை விவரிக்கும் வாய்ப்பு பொதுவாக வராது. ஆகவே அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே செய்யும் மேல்முறையீடு முடிவதற்குள் அந்தக் கோப்பில் என்னென்ன போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். கீழே வரும் ஆலோசனைகள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவையே.

பாலிசியில் தேட வேண்டியவை

எச்.ஆர். துறை கொடுக்கும் இரண்டு பக்க விளக்கத் தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. முழுப் பாலிசியையும், திட்டச் சுருக்க விவரம் என்னும் கையேட்டையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். இதைக் கேட்க வேண்டியது திட்ட நிர்வாகியிடம்; அந்தப் பொறுப்பில் இருப்பது பெரும்பாலும் உங்கள் முதலாளி நிறுவனமே, காப்பீட்டு நிறுவனம் அல்ல. எழுத்து மூலம் கேட்டு 30 நாட்களுக்குள் தராவிட்டால், நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், மின்னஞ்சலாவது அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்வது பயன்தரும்.

பாலிசி கைக்கு வந்ததும் ‘இயலாமை’ என்பதற்கு அது தரும் விளக்கத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலான குழுப் பாலிசிகளில் முதல் 24 மாதங்களுக்கு ஓர் அளவுகோலும், அதற்குப் பிறகு வேறோர் அளவுகோலும் இருக்கும். முதல் காலத்தில் உங்கள் சொந்தத் தொழிலின் முக்கியக் கடமைகளைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் போதும். பிறகு உங்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்தக்கூடிய எந்தத் தொழிலையும் செய்ய முடியவில்லை என்று காட்ட வேண்டும். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ‘சொந்தத் தொழில்’ என்றால் உங்கள் அலுவலகத்தில் நீங்கள் செய்துவந்த அதே வேலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பல பாலிசிகள், அந்தத் தொழில் நாடு முழுவதும் பொதுவாக எப்படிச் செய்யப்படுகிறதோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கும். இரவு இரண்டு மணிக்குச் சர்வர் பழுதானால் எழுந்து சரிசெய்யும் பொறுப்பு உங்களுக்கு இருந்திருக்கலாம். அது அந்தத் தொழிலுக்கே பொதுவானது என்று நீங்கள் நிறுவாவிட்டால், கணிப்பொறி முன் அமர்ந்து செய்யும் இலகுவான வேலை என்று அது ஒரு வரியில் முடிக்கப்பட்டுவிடும்.

அடுத்தது எலிமினேஷன் பீரியட் எனப்படும் காத்திருப்புக் காலம். இது பெரும்பாலும் 90 அல்லது 180 நாட்களாக இருக்கும். அதுவரை குறுகியகால இயலாமைக் காப்பீடோ, சேர்த்துவைத்த விடுப்போ கைகொடுக்க வேண்டும். முன்பே இருந்த நோய்களுக்கான விலக்கையும் பாருங்கள். காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய 3 மாதங்களில் ஒரு நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்து, அதே நோயால் முதல் 12 மாதங்களுக்குள் இயலாமை ஏற்பட்டால் பணம் தரப்படாது என்பது பரவலாகக் காணப்படும் வடிவம். வேலை மாறிய கையோடு உடல் நலம் கெடுபவர்களுக்கு இந்த விலக்கு பெரிய தடையாகிறது.

மனநலம் சார்ந்த இயலாமைக்கு 24 மாதங்களோடு பணம் நின்றுவிடும் என்ற வரம்பு பெரும்பாலான குழுப் பாலிசிகளில் இருக்கிறது. தீராத முதுகுவலியோ புற்றுநோயோ உள்ளவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவது இயல்பு. ஆனால் மருத்துவர் தம் படிவத்தில் மனச்சோர்வை முதல் காரணமாக எழுதிவிட்டால், கோரிக்கை முழுவதையும் அந்த வரம்புக்குள் தள்ளிவிடக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி பிறக்கிறது. உடல் நோய் மட்டுமே தனியாக எந்த அளவுக்கு வேலையைத் தடுக்கிறது என்பதை மருத்துவர் பிரித்து எழுத வேண்டும்.

நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு வரிகளும் உண்டு. குடும்பத்தாரைக் கவனிக்கச் சொல்லியோ சிகிச்சைக்காகவோ இந்தியாவுக்கோ இலங்கைக்கோ போய்த் தங்குபவர்கள், அமெரிக்காவுக்கு வெளியே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் இருந்தால் பணம் நின்றுவிடும் என்ற பிரிவு தங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 12 மாதங்களில் 6 மாதங்கள் என்று இந்த வரம்பை வைக்கும் பாலிசிகள் உண்டு. அதேபோல, குடும்பத்திலேயே ஒருவர் மருத்துவராக இருந்தாலும் அவருடைய சான்றிதழ் செல்லாது. உறவினரைச் சிகிச்சை மருத்துவராக ஏற்பதில்லை என்று பாலிசிகள் வழக்கமாகவே எழுதிவைத்திருக்கின்றன.

கழித்துக்கொள்ளும் தொகைகளும் வரியும்

மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் என்பதே வழக்கமான தொகை. ஆனால் கைக்கு வருவது அதுவாக இருக்காது. சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசுத் திட்டத்தின் இயலாமைத் தொகை, பணியிடக் காயத்துக்கான இழப்பீடு முதலியவற்றைப் பாலிசி கழித்துக்கொள்ளும். மாதம் 8,000 டாலர் சம்பளம் பெற்ற ஒருவருக்கு 60 சதவீதம் 4,800 டாலர். சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து அவருக்கு 2,600 டாலர் வந்தால், காப்பீட்டு நிறுவனம் தருவது 2,200 டாலர்தான். சோஷியல் செக்யூரிட்டி விண்ணப்பம் முடிவாவதற்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால் அதுவரை காப்பீட்டு நிறுவனம் முழு 4,800 டாலரையும் தரலாம். பிறகு 14 மாதத்துக்கான பின்பாக்கி 36,400 டாலர் மொத்தமாக வந்து சேரும்போது, அதைத் திருப்பிக் கொடு என்று கடிதம் வரும். அந்தப் பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருப்பதே புத்திசாலித்தனம். சில பாலிசிகள் உங்களை முன்னிட்டுப் பிள்ளைகளுக்கு வரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகையையும் கழிக்கின்றன.

வரி விஷயத்தில் விதி எளிது. பிரீமியத்தை உங்கள் முதலாளி நிறுவனம் கட்டியிருந்தாலோ, வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து அது பிடிக்கப்பட்டிருந்தாலோ, வரும் தொகைக்கு வருமான வரி உண்டு. வரி கட்டிய பணத்திலிருந்து நீங்களே முழுதும் கட்டியிருந்தால் வரி இல்லை.

எந்தச் சட்டம் பொருந்தும்

தனியார் நிறுவனங்களின் ஊழியர் திட்டங்கள் 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அரசு ஊழியர்களின் திட்டங்களும் தேவாலயங்கள் நடத்தும் திட்டங்களும் பொதுவாக அதில் அடங்கா. நீங்களே ஒரு முகவரிடம் தனியாக வாங்கிய பாலிசி மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். இந்த வேறுபாடு சிறியதன்று. மாநிலச் சட்டத்தின் கீழ், கெட்ட நோக்கத்துடன் மறுத்த நிறுவனத்திடம் தண்டனை இழப்பீடு கோரிப் பல மாநிலங்களில் ஜூரியின் முன் வழக்காட முடியும். எரிசாவில் பொதுவாக ஜூரி கிடையாது. மன உளைச்சலுக்கு இழப்பீடும் தண்டனைத் தொகையும் கிடையா. வென்றால் கிடைப்பது, முதலிலேயே தந்திருக்க வேண்டிய பணம், அதற்கு வட்டி, நீதிபதி விரும்பினால் வழக்கறிஞர் கட்டணம், அவ்வளவே. அநியாயமாக மறுத்தாலும் பெரிய இழப்பு வராது என்ற நிலையில் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதற்கு மேல் இன்னொரு தடையும் உண்டு. முடிவெடுக்கும் விருப்புரிமை நிர்வாகிக்கு உண்டு என்று திட்டத்தில் எழுதியிருந்தால், அந்த முடிவு நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். அப்படி எழுதப்படவில்லை என்றால் நீதிபதி விஷயத்தைப் புதிதாக ஆராய்வார். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. தீர்மானிப்பவரே பணம் கொடுப்பவராகவும் இருப்பது நலன் முரண் என்றும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் 2008இல் அதே நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியா, இல்லினாய், டெக்சஸ் போன்ற மாநிலங்கள், காப்பீட்டுப் பாலிசிகளில் இத்தகைய விருப்புரிமைப் பிரிவுக்குத் தடை விதித்திருக்கின்றன. உங்கள் பாலிசி எந்த மாநிலத்துச் சட்டத்தின்படி வழங்கப்பட்டது என்று முதல் பக்கங்களிலேயே இருக்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோரிக்கையை எப்படி எழுதுவது

கோரிக்கையில் மூன்று பகுதிகள் இருக்கும்: உங்கள் வாக்குமூலம், முதலாளி நிறுவனத்தின் படிவம், சிகிச்சை தரும் மருத்துவரின் படிவம். மூன்றாவதில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் பலவீனமாகின்றன. நோயின் பெயர் உறுதியாகிவிட்டால் பணம் கிடைத்துவிடும் என்று நோயாளியும் நினைக்கிறார், மருத்துவரும் நினைக்கிறார். காப்பீட்டு நிறுவனம் கேட்பதோ, அந்த நோய் உங்களை எந்த வேலையை, எவ்வளவு நேரம், எத்தனை நாள் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதை.

மூட்டுவாதம் உள்ள ஒரு மென்பொருள் சோதனையாளரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் படிவத்தில், ‘நோயாளிக்கு மூட்டுவாதம் உள்ளது, அவரால் வேலை செய்ய இயலாது’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். இந்த வாக்கியத்தால் பயனில்லை. வேலை செய்ய இயலுமா என்பது தாங்கள் தீர்மானிக்க வேண்டியது என்று காப்பீட்டு நிறுவனம் பதிலளிக்கும். அதற்குப் பதிலாக அவர் இப்படி எழுதினால்: ‘இரு கைகளின் விரல் மூட்டுகளிலும் வீக்கம் பரிசோதனையில் தெரிந்தது, ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அதை உறுதி செய்கின்றன. தொடர்ந்து 10 நிமிடங்களுக்கு மேல் தட்டச்சு செய்ய முடியாது. எட்டு மணி நேர நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களைப் பயன்படுத்த இயலாது. காலையில் இரண்டு மணி நேரம் மூட்டுகள் இறுகியிருக்கும். மருந்தின் விளைவால் பிற்பகலில் தூக்கக் கலக்கம் உண்டு. மாதத்தில் நான்கு நாட்களுக்குக் குறையாமல் வேலைக்கு வர முடியாமல் போகும்.’ இதில் ஒவ்வொரு வரியும் வேலையின் ஒரு கடமையோடு பொருந்துகிறது; ஒவ்வொன்றையும் மறுக்கத் தனித்தனிக் காரணம் தேவைப்படும்.

மருத்துவருக்கு நேரம் குறைவு என்பது உண்மை. உங்கள் வேலையின் கடமைகளை ஒரு பக்கத்தில் எழுதி, படிவத்தோடு சேர்த்து அவரிடம் கொடுத்தால், பெரும்பாலான மருத்துவர்கள் அதை வரவேற்பார்கள். அவருடைய அன்றாடக் குறிப்புகளும் கோப்புக்குள் வரும் என்பதை மறக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் மரியாதைக்காகப் பரவாயில்லை என்று சொல்லிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ‘நோயாளி நலமாக உள்ளார்’ என்று கணிப்பொறியில் பதிவாகி, ஆறு மாதம் கழித்து மறுப்புக் கடிதத்தில் மேற்கோளாக வந்து நிற்கும். மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சென்ற முறை வந்ததிலிருந்து எதைச் செய்ய முடியவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

முதல் கோரிக்கையின் மீது 45 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். காரணம் சொல்லி இருமுறை 30 நாட்கள் நீட்டிக்கலாம். கூடுதல் தகவல் வேண்டும் என்று உங்களிடம் கேட்டால், பதில் தர உங்களுக்குக் குறைந்தது 45 நாட்கள் தர வேண்டும். அந்த நீட்டிப்பின்போது, நீங்கள் பதில் தரும்வரை அவர்களுடைய காலக்கணக்கு நின்றிருக்கும்.

இடைப்பட்ட நாட்களில் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலர் தொலைபேசியில் பேசுவார். பேச்சு இனிமையாகவே இருக்கும். அன்றாடம் என்ன செய்கிறீர்கள், கார் ஓட்டுகிறீர்களா, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார் என்று கேட்பார். ஒவ்வொரு பதிலும் குறிப்பாகிறது. உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் அரைகுறையாகச் சொல்லாதீர்கள்: கடைக்குப் போகிறேன் என்பதோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறை, 20 நிமிடம், வந்ததும் படுத்துவிடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆள் வைத்து வீடியோ எடுப்பதும், சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்ப்பதும் சாதாரணமாக நடப்பவை. இரண்டு நாள் கண்காணிப்பில் கிடைத்த ஏழு நிமிட வீடியோ முழுநேர வேலைத் திறனுக்குச் சான்றாகாது. ஆனால் எதையுமே தூக்க முடியாது என்று படிவத்தில் எழுதியவர் மளிகைப் பையைத் தூக்கும் காட்சி அவருடைய நம்பகத்தன்மையையே கெடுத்துவிடும்.

மறுப்புக் கடிதத்தைப் படிக்கும் முறை

கடிதம் வந்ததும், அது கைக்குக் கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 180 நாட்கள் உண்டு. சட்டப்படி அது கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றாலும், கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. 2018 ஏப்ரலுக்குப் பிந்தைய கோரிக்கைகளுக்கான மத்திய விதிகளின்படி, உங்கள் மருத்துவரின் கருத்தையும், சோஷியல் செக்யூரிட்டி உங்களுக்கு இயலாமை உண்டு என்று முடிவு செய்திருந்தால் அதையும் ஏன் ஏற்கவில்லை என்று கடிதம் விளக்க வேண்டும். உங்கள் மருத்துவரின் கருத்துக்குத் தனிச் சலுகை தர வேண்டியதில்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நம்பத்தகுந்த சான்றைக் காரணமின்றி ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விளக்கமே இல்லாத கடிதம் என்றால், அந்தக் குறையையே மேல்முறையீட்டில் முதல் வாதமாக வைக்கலாம்.

கடிதத்தின் மையத்தில் பெரும்பாலும் இப்படியொரு பத்தி இருக்கும்: எங்கள் மருத்துவ ஆலோசகர் ஆவணங்களைப் பரிசீலித்தார், எட்டு மணி நேர நாளில் நீங்கள் ஆறு மணி நேரம் உட்காரலாம், எப்போதாவது 10 பவுண்டு தூக்கலாம், இது உட்கார்ந்து செய்யும் வேலைக்குரிய திறன், உங்கள் தொழில் உட்கார்ந்து செய்வது, ஆகவே உங்களுக்கு இயலாமை இல்லை. படிக்கும்போது தர்க்கம் பழுதில்லாததுபோல் தோன்றும். நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும். ஆறு மணி நேரம் என்ற கணக்கை உங்களை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர் எங்கிருந்து எடுத்தார்? உட்காரும் வேலை என்ற பகுப்பு உடல் வலிமையை மட்டும் அளப்பது. நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் விரல்களையும், பிழையின்றி யோசிக்கும் கவனத்தையும், தவறாமல் வேலைக்கு வரும் திறனையும் அது அளக்கவில்லை. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்ததாக அவர் பட்டியலிட்டிருக்கிறார், எது விடுபட்டிருக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள். ஒரு சிறப்பு மருத்துவரின் முழுக் கோப்பும் போய்ச் சேராமலே முடிவெடுக்கப்பட்டிருப்பது அரிதல்ல.

மேல்முறையீடு

கடிதம் கிடைத்த கோபத்தில் மறுநாளே, நான் உண்மையிலேயே நோயாளி, தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுவது பலரும் செய்யும் தவறு. அந்த ஒரு பக்கமே மேல்முறையீடாகப் பதிவாகி, முடிவெடுக்கும் 45 நாள் கணக்கும் ஓடத் தொடங்கி, இருக்கும் ஒரே வாய்ப்பு வீணாகிவிடக்கூடும். முதலில் அனுப்ப வேண்டியது வேறொரு கடிதம்: இது மேல்முறையீடு அல்ல என்று தெளிவாகக் குறிப்பிட்டு, முழுக் கோப்பையும் கேட்கும் கடிதம். மருத்துவ ஆலோசகர்களின் அறிக்கைகள், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள், தொலைபேசிக் குறிப்புகள், கண்காணிப்பு வீடியோ, தொழில் ஆய்வு அறிக்கை, முடிவெடுக்கப் பயன்பட்ட உள் வழிகாட்டு நெறிகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றைக் கட்டணமின்றித் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

வழக்கறிஞரை அமர்த்துவது என்றால் அதற்கு உகந்த நேரமும் இதுதான். வழக்குப் போடும் கட்டத்தில் வருபவரால் மூடப்பட்ட கோப்பில் புதிய சான்றைச் சேர்க்க முடியாது. இத்துறை வழக்கறிஞர்களில் பலர் வென்றால் மட்டும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு என்ற முறையில் வேலை செய்கிறார்கள். எரிசா வழக்குகளில் அனுபவம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் விபத்து வழக்குகளில் பெயர் பெற்ற ஒருவருக்கு இந்த நடைமுறை முற்றிலும் அந்நியமாக இருக்கலாம். வேலையோடு கட்டுண்ட விசாவில் இருப்பவர்கள், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் தனியாகக் கலந்து பேச வேண்டும். காப்பீட்டுத் தொகை தொடர்வதும் தங்கும் உரிமை தொடர்வதும் இருவேறு கேள்விகள்.

கோப்பு வந்ததும், மறுப்புக்கு அடிப்படையான ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே என்ன சான்று தேவை என்று குறியுங்கள். ஆலோசகரின் அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, வரிக்கு வரி பதில் எழுதச் சொல்லுங்கள். பொதுவான ஆதரவுக் கடிதத்தைவிட, ‘மூன்றாம் பக்கத்தில் விரல் மூட்டுகளில் வீக்கம் இல்லை என்கிறார், மார்ச் மாதப் பரிசோதனையில் அது பதிவாகியிருக்கிறது’ என்ற ஒரு வரிக்கு எடை அதிகம். உடல் திறனை அளக்கும் செயல்திறன் மதிப்பீட்டுச் சோதனை, முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் செய்யப்படுவது, வலியும் களைப்பும் முதன்மையான நோய்களில் பெரிதும் உதவும். முதல் நாள் சமாளித்தவர் இரண்டாம் நாள் எப்படித் தளர்கிறார் என்பது அதில் எண்களாகப் பதிவாகிறது. நோயாளி முழு முயற்சியுடன் ஒத்துழைத்தாரா என்பதையும் அந்தச் சோதனை அளக்கும் என்பதால், நடிக்கிறார் என்ற சந்தேகத்துக்கும் அதுவே பதிலாகிறது. நினைவும் கவனமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நரம்பு உளவியல் பரிசோதனை தேவை. தொழில் ஆய்வு நிபுணர் ஒருவரின் அறிக்கையும், மாதத்தில் இத்தனை நாள் வர முடியாதவரை எந்த நிறுவனமும் வேலையில் வைத்துக்கொள்ளாது என்பதை நிறுவ உதவும். எல்லாவற்றையும் எல்லோராலும் செலவழித்துப் பெற முடியாது. மறுப்புக்கு முதன்மையான காரணம் எதுவோ அதைத் தகர்க்கும் ஒன்றையாவது பெற்றுவிடுங்கள்.

உங்கள் வாக்குமூலமும், உடன் வாழ்பவரும் முன்னாள் சக ஊழியரும் எழுதும் கடிதங்களும் சேரட்டும். இவற்றில் உருக்கம் தேவையில்லை. முன்பு இருபது சோதனை அறிக்கைகளை ஒரே வாரத்தில் முடித்தவர், கடைசி மாதங்களில் ஒரே அறிக்கையை மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது என்று மேலாளராக இருந்தவர் எழுதினால், அது மருத்துவ ஆவணத்தில் எங்கும் கிடைக்காத சான்று. சோஷியல் செக்யூரிட்டி உங்கள் விண்ணப்பத்தை ஏற்றிருந்தால் அந்த ஆணையை மட்டுமன்றி அதன் அடிப்படையான மருத்துவ மதிப்பீடுகளையும் இணையுங்கள். குறைந்தது 12 மாதம் நீடிக்கும் நோயால் கணிசமான எந்த வேலையும் செய்ய முடியாது என்பது அவர்களுடைய அளவுகோல். உங்கள் பாலிசியின் ‘சொந்தத் தொழில்’ அளவுகோலைவிட அது பொதுவாகக் கடுமையானது என்பதைக் கடிதத்தில் எடுத்துக்காட்டுங்கள்.

தொகுத்த கடிதத்தில் பாலிசியின் வாசகத்தை மேற்கோள் காட்டி, அதன் ஒவ்வோர் அம்சத்துக்கும் எந்த இணைப்பின் எந்தப் பக்கத்தில் சான்று இருக்கிறது என்று சுட்டுங்கள். நாளை ஒரு நீதிபதி வேறெதையும் பார்க்காமல் இந்தக் கடிதத்தை மட்டும் படித்தாலும் அவருக்கு விளங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் நடை தானாகவே சீர்படும். கடைசி நாளுக்குக் காத்திராமல், பதிவுத் தபாலிலும் ஃபேக்ஸிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மேல்முறையீட்டை முதலில் மறுத்தவரோ அவருக்குக் கீழ்ப்பட்டவரோ பரிசீலிக்கக் கூடாது. முதலில் கலந்தாலோசித்த மருத்துவரையே மறுபடியும் கேட்கவும் கூடாது. முடிவுக்கு 45 நாட்கள், தனிச்சூழல் இருந்தால் மேலும் 45 நாட்கள். இடையே அவர்கள் புதிய மருத்துவ அறிக்கை ஏதும் பெற்றாலோ, புதிய காரணம் ஒன்றைச் சொல்ல எண்ணினாலோ, முடிவெடுக்கும் முன் அதை உங்களுக்கு அனுப்பிப் பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். அந்த உறை வந்தால் அலட்சியமாக இருக்க வேண்டாம். சில நாட்களே அவகாசம் இருக்கலாம், அதற்குள் உங்கள் மருத்துவரின் பதில் கோப்பில் சேர வேண்டும். நேரம் போதாதென்றால் கூடுதல் அவகாசத்தை எழுத்து மூலம் கேளுங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பிறகு

மீண்டும் மறுத்தால், விருப்பப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம் என்று சில நிறுவனங்கள் எழுதும். புதிதாகச் சேர்க்க வலுவான சான்று இருந்தால் மட்டுமே அது பயன்படும். வழக்குத் தொடரும் காலக்கெடுவைப் பாலிசியே நிர்ணயிக்கலாம் என்றும், அந்தக் கெடு மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே ஓடத் தொடங்கியிருக்கலாம் என்றும் 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே இறுதி மறுப்புக் கடிதத்தில், காலக்கெடு முடியும் தேதி குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2018 விதிகளின்படி அது இருக்க வேண்டும். நீதிபதி நேரடியாகப் பணம் தரச் சொல்லலாம். அல்லது சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று மீண்டும் காப்பீட்டு நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பலாம். ஓரளவு வெற்றி பெற்றாலே வழக்கறிஞர் கட்டணம் கேட்க முடியும் என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

மேல்முறையீட்டிலேயே வென்று பணம் வரத் தொடங்கினாலும் படிவங்கள் நிற்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரின் புதிய அறிக்கை கேட்கப்படும். சிகிச்சை இடைவெளியின்றித் தொடர்ந்திருக்க வேண்டும். 18ஆம் மாதத்தை ஒட்டி, இனி எந்தத் தொழிலையும் செய்ய முடியுமா என்ற ஆய்வு தொடங்குகிறது என்று ஒரு கடிதம் வரக்கூடும். உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் விவரிக்கச் சொல்லும் படிவம் அதனோடு வந்தால், அது 24ஆம் மாத முடிவுக்கான தயாரிப்பு. மருத்துவரிடம் அடுத்த சந்திப்பின்போதே, எந்தத் தொழிலாக இருந்தாலும் பொருந்தும் வகையில் உங்கள் வரம்புகளைப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் படிவத்தோடு சேர்த்தே அனுப்புங்கள்.